ஒன்றரை மில்லிமீட்டருக்கு நாற்பது வளைவு

வால்பாறை போய் வந்து பத்து நாள் ஆகிறது. அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது. அங்கே லாட்ஜில் ராத்திரி ராத்திரி குறித்து வைத்ததைத் தேதிவாரியாகப் போடுகிறேன். கடைசிக் குறிப்பு மட்டும் ஊருக்கு வந்தபின் எழுதியது. அதை முதலில் படித்துவிடாதீர்கள்.

நவம்பர் 14, வியாழன்: பொள்ளாச்சி வழியாக

அக்கா மகள் மூன்று வருடமாகச் சிலந்தி ஆராய்ச்சியில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்து, "மாமா, நாலு நாள் வால்பாறை வரீங்களா? ரூமும் சாப்பாடும் என் பொறுப்பு. நீங்க படம் மட்டும் வரையணும்" என்றாள். நான் பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் போடுகிறவன். செம்பருத்தியின் குறுக்குவெட்டு, தவளையின் இதயம், இப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது. என்னையும் ஒருத்தி ஆராய்ச்சிக்குக் கூப்பிடுகிறாளே என்று உடனே சரி சொல்லிவிட்டேன்.

பொள்ளாச்சியில் இறங்கியதும் அவள் முதலில் போனது மளிகைக் கடைக்கு. கார்ன்ஃப்ளோர் மாவு அரை கிலோ. "ஏனுங்க, கோபி மஞ்சூரியனுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். "இல்லைங்க, சிலந்தி வலைக்கு" என்றாள் இவள். அவர் என்னைப் பார்த்தார். நான் இளநீர்க் கடையைப் பார்த்தேன். அடுத்தது மருந்துக் கடையில் கிராம்புத் தைலம், கைக்குத் தேய்க்கும் சானிட்டைசர் பெரிய பாட்டில், ஒரு சுருள் பஞ்சு. மொத்தம் 410 ரூபாய். ஒரு விஞ்ஞானியின் சாமான் பட்டியல் சித்த வைத்தியர் பட்டியல் மாதிரி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். வயிறு பிரட்டுகிறவனுக்கு அது உதவியா தண்டனையா, தெரியவில்லை. ஒன்பதாவது வளைவில் சாலையோரச் சுவர்மேல் வரையாடு ஒன்று நின்றுகொண்டு பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தது. பதினேழாவது வளைவுக்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மோந்துகிட்டே வாங்க தம்பி, கண்ண மட்டும் தொறக்காதீங்க" என்றார். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "போகும்போது வேணும்ல?"

நவம்பர் 15, வெள்ளி: பெயர் இல்லாதவன்

காட்டுக்குள் இலைச்சருகு எடுக்க எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். அவளிடம் இருந்தது. அதில் அவள் பெயரும் கூடப் படிக்கும் பெண்ணின் பெயரும் இருந்தன. அந்தப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள், அவளுக்குப் பதிலாகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது சோதனைச் சாவடியில் வைத்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. என் பெயரைச் சேர்த்துப் புதுக் கடிதம் மெயிலில் வர நாளைக் காலை ஆகுமாம். அவளும் வனத்துறை வாட்சர் அண்ணனும் உள்ளே போனார்கள். நான் டீக்கடையில் உட்கார்ந்தேன்.

தப்பில்லை. வால்பாறையில் டீக்கடையில் உட்காருவதும் ஒரு வேலைதான். டீ 15 ரூபாய், பருப்பு வடை 10. எதிர்ச் சரிவு முழுக்கத் தேயிலை. நடுநடுவே முடிவெட்டும்போது விட்டுப்போன கற்றை மாதிரி கொஞ்சம் கொஞ்சம் காடு. மேலே மேகம் இறங்கி ஏறுகிறது. பத்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் தூறல், நடுவில் ஒன்றும் கிடையாது.

பக்கத்தில் பச்சைத் தொப்பி போட்ட பெரியவர். எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"எட்டுக்கால் பூச்சியைத் தேடியா இம்புட்டு தூரம் வந்தீங்க? எங்க லைன் வீட்டுக்கு வாங்க, பொங்கலுக்கு அடிச்ச ஒட்டடைதான், அப்படியே இருக்கு."

எட்டுக்கால் பூச்சி பூச்சியே இல்லை, பூச்சிக்கு ஆறு கால்தான் என்று முந்தின நாள் பஸ்ஸில் கற்ற பாடத்தை அவரிடம் ஒப்பித்தேன். யோசித்துவிட்டு, "அப்ப என்ன சொல்லிக் கூப்பிடணும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்னொரு டீ சொன்னேன். சிலந்தி மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும், அதற்கு மந்திரிக்க வேண்டும் என்றார் அவர். நான் பதிலுக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். நாங்கள் திருவானைக்கா. நாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாமல் சிலந்தி வலை கட்டியது. யானை அதைக் கலைத்தது. சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடித்து, யானையும் செத்தது, தானும் செத்தது. மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளினான். "இங்க வந்து கட்டியிருக்கலாம்" என்றார் பெரியவர். போன மாதம் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ரேஷன் கடைச் சுவரை யானை இடித்துவிட்டதாம்.

சாயங்காலம் அவள் நாலு துணிப்பை நிறையச் சருகோடு வந்தாள். அப்போதுதான் இந்தப் பயணத்தின் முதல் தொழில்நுட்பக் கோளாறு. சருகைப் புனலில் கொட்டி, மேலே பல்பு எரியவிட்டால் சூட்டுக்கும் வறட்சிக்கும் பயந்து உள்ளே இருப்பதெல்லாம் கீழே கீழே இறங்கி, புனலின் அடியில் இருக்கும் ஆல்கஹால் குப்பியில் விழும். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய முறை. ஆனால் லாட்ஜில் இருப்பதெல்லாம் எல்.இ.டி. இரண்டு மணி நேரம் எரிந்தும் சருகில் ஒரு துளி ஈரம் காயவில்லை. ஊர் முழுக்கக் குண்டு பல்பு தேடினோம். "அதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க" என்று நாலு கடையில் சொன்னார்கள். கடைசியில் கோழிக்குஞ்சு விற்கிறவர், கூண்டுக்குள் தொங்கிய 60 வாட்ஸ் பல்பைக் கழற்றிக் கொடுத்தார். வாடகை ஒரு நாளைக்கு 20 ரூபாய். "திங்கக்கிழமை குஞ்சு வருது, அதுக்குள்ள குடுத்துடணும்."

நவம்பர் 16, சனி: வேட்டி

என் பெயர் கடிதத்தில் ஏறிவிட்டது. காலை ஆறரைக்கு இட்லி, ரசம் மாதிரி ஒரு சாம்பார், அப்புறம் நடை.

அட்டைக்கு வாட்சர் அண்ணன் மூக்குப்பொடியை வேப்பெண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். முழங்கால் வரை பூசிக்கொண்டேன். அட்டைகள் முழங்காலுக்கு மேலே கடித்தன.

காடு நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அதாவது, மேலே எல்லாம் எதிர்பார்த்த மாதிரிதான்: ரயில் எஞ்சின் மூச்சு விடுகிற மாதிரி இறக்கை அடித்துக்கொண்டு ஒரு இருவாச்சி போனது, சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று பலாமரத்தில் இருந்தது. ஆனால் இவள் எதையும் தலைதூக்கிப் பார்க்கவில்லை. நாள் முழுக்க மண்டி போட்டுத் தரையைப் பார்த்தாள். "மாமா, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது."

சருகை அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலித்து, வெள்ளைத் துணியில் கொட்டி, அசையாமல் காத்திருக்க வேண்டும். வெள்ளைத் துணியை அவள் லாட்ஜிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். என் பையில் மாற்று வேட்டி இருந்தது. எட்டு முழம், போன தீபாவளிக்கு எடுத்தது. அதை விரித்தோம்.

முதல் ஒரு நிமிடம் வெறும் குப்பைதான். அப்புறம் குப்பையில் ஒரு துகள் நடக்கும். அது தூசி இல்லை, எறும்பு. இன்னொன்று துள்ளும், அது ஸ்பிரிங்டெயில் என்கிற பொடி உயிர். மூன்றாவது ஒன்று நின்று நின்று, ஏதோ மறந்தவன் மாதிரி ஓடும். அதுதான் சிலந்தி. உறிஞ்சுகுழலால் அதைப் பிடிக்க வேண்டும். சின்னப் பாட்டில், இரண்டு ரப்பர்க் குழாய், ஒன்று சிலந்திப் பக்கம், ஒன்று நம் வாய்ப் பக்கம், நடுவே ஒரு துண்டு வலைத்துணி. "அந்தத் துணி கிழிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். "முழுங்கிட்டு மேல போக வேண்டியதுதான்." விளையாட்டாகச் சொன்னாளா, தெரியவில்லை.

கார்ன்ஃப்ளோரின் ரகசியமும் இங்கேதான் வெளிப்பட்டது. மாவை ஒரு பழைய காலுறையில் போட்டு, மரவேர்களின் இடுக்கில் மெதுவாகத் தட்டினாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு சக்கர வலை, கிடைமட்டமாக, வெள்ளை நூலில் எழுந்து நின்றது. அதன் நடுவில் கடுகில் கால்வாசி. நான் கும்பிடாத குறை.

மதியம் மூன்று மணிக்கு மழை. வேட்டியைச் சுருட்டப் போகும்போது, "இருங்க இருங்க" என்று கத்தினாள். கரையோரமாக ஒரு ஆரஞ்சுப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. மழைத்துளி அதன் பக்கத்தில் விழுந்தது, அது நின்றது. உறிஞ்சினாள். குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆண்" என்றாள். அவ்வளவுதான். குப்பியின் வாயில் பஞ்சை அடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

நவம்பர் 17, ஞாயிறு: நாள் முழுக்க மழை

எங்கேயும் போகவில்லை. நேற்று வெளியே போனதைவிட இன்று அதிக தூரம் போன மாதிரி இருக்கிறது.

நேற்றுப் பிடித்தது கோப்ளின் சிலந்திக் குடும்பமாம். அறிவியல் பெயர் ஊனோப்பிடே. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், சருகுக்குள் வாழும். மற்ற சிலந்திகளில் அநேகத்துக்கு எட்டுக் கண், இதற்கு ஆறு. பலவற்றுக்கு வயிற்றின் மேலும் கீழும் ஆரஞ்சு நிறத்தில் கெட்டியான தகடு, குட்டிக் கவசம் மாதிரி. எங்கள் ஆள் ஒன்றரை மில்லிமீட்டர். இந்தக் குடும்பத்தை முழுதாகப் பட்டியலிட நார்மன் பிளாட்னிக் என்ற அமெரிக்கர் தலைமையில் 2006-ல் ஒரு பெரிய கூட்டு முயற்சி ஆரம்பித்தபோது, உலகத்தில் தெரிந்திருந்த கோப்ளின் இனங்கள் 500-கூட இல்லை. இப்போது 1,800-க்கு மேல். சருகுக்கு அடியில் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான் காரணம்.

"இதுதான் சின்னதா?" என்று கேட்டேன். சிரித்தாள். கொலம்பியாவில் பாட்டு டிகுவா என்று ஒன்று இருக்கிறதாம் (பெயரே பாட்டுதான்), ஆணின் உடல் 0.37 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன உடம்பில் மூளைக்கு இடம் பத்தாது. பனாமாவில் 2011-ல் அளந்து பார்த்தபோது, மிகச் சிறிய சிலந்திகளில் உடற்குழியின் கிட்டத்தட்ட 80 சதவீதம் நரம்பு மண்டலமே அடைத்துக்கொண்டு, மிச்சம் கால்களுக்குள் வழிந்திருந்ததாம். நேற்று வேட்டியில் ஓடிய வேகத்துக்கு அர்த்தம் புரிந்தது. காலாலேயே யோசிக்கிற ஆள்.

என் வேலைக்கு வருகிறேன். எந்த இனம் என்பதைச் சிலந்தியின் நிறமோ அளவோ பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. ஆணின் முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டிக் கைகள் இருக்கின்றன. பால்ப் என்கிறாள். அதன் நுனியில் ஒரு குமிழ், குமிழின் முனையில் ஒரு மூக்கு. சின்ன வலை ஒன்று பின்னி, அதில் விந்தை விட்டு, இந்தக் குமிழில் உறிஞ்சிக்கொண்டு பெண்ணைத் தேடிப் போகிறது ஆண். அந்த மூக்கின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். ஆக, ஒன்றரை மில்லிமீட்டர் உயிரின் அடையாள அட்டை கால் மில்லிமீட்டரில் இருக்கிறது. வழக்கமாக இடது பால்ப்பைத்தான் வரைவார்களாம், அப்போதுதான் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

சானிட்டைசர் எதற்கு என்று இப்போது தெரிந்தது. ஒரு குழித்தட்டில் அந்த ஜெல்லை ஊற்றி அதற்குள் பால்ப்பை நிறுத்தினால், திருப்பிய கோணத்தில் அப்படியே நிற்கும். மேலே கொஞ்சம் ஆல்கஹால். கொரோனா காலத்தில் கையில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தபோது இதற்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று தோன்றவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. அப்புறம் ஒரு மஞ்சள் மேகம். திருகைத் தலைமுடி அளவு நகர்த்தியதும் மேகம் கெட்டியானது: பலாக்கொட்டை மாதிரி வழுவழுப்பான குமிழ், தேன் நிறம், உள்ளே சுருண்டு ஓடும் கருப்பான குழாய், அது முனையில் அலகு மாதிரி வளைந்து வெளியே வருகிறது. அலகின் நுனியிலிருந்து மெல்லியதாக ஒரு வால், கண்ணாடி இழை மாதிரி, ஒரு அரை முறுக்கு முறுக்கி மேலே போகிறது. இதுவரை நான் வரைந்ததில் எதுவும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. தவளையின் இதயத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"வால் இருக்கா?" என்றாள். அவளும் பார்த்தாள். மடிக்கணினியில் அவளிடம் இருக்கும் படங்களை எல்லாம் புரட்டினாள். எதிலும் அந்த வால் இல்லை. அவள் குரல் கொஞ்சம் ஏறியது. நான் டிரேசிங் பேப்பரில் புள்ளி புள்ளியாக அந்த வாலுக்கு மட்டும் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. லாட்ஜ் பையன் மெழுகுவர்த்தியோடு வந்து, "சார், ரூம்ல பிரியாணி பண்றீங்களா? கிராம்பு வாசம் வருது" என்றான். சமையல் கூடாது என்று போர்டு போட்டிருக்கிறார்களாம். வேறொரு சிலந்தியின் வயிற்றடியைக் கிராம்புத் தைலத்தில் ஊறவைத்திருந்தாள். தைலம் ஊற ஊறத் திசு கண்ணாடி போலாகி உள்ளுறுப்பு தெரியும். இதை அந்தப் பையனுக்கு அவள் விளக்கினாள். அவன் பார்க்கவும் பார்த்தான். "இதுக்கு மட்டன் பரவால்ல" என்றுவிட்டுப் போனான்.

ராத்திரி பரோட்டா, சால்னா. அப்போது கேட்டேன்: "அப்போ புதுசுன்னு எப்போ அறிவிக்கலாம்?"

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துதான் பதில் சொன்னாள். சிலந்திகளுக்குப் பெயர் வைக்கும் கணக்கு 1757-ல் ஸ்வீடனில் கார்ல் கிளர்க் எழுதியதிலிருந்து ஆரம்பிக்கிறது. மற்ற விலங்குகளுக்கெல்லாம் லின்னேயஸின் புத்தகம் வந்த 1758. சிலந்திக்கு மட்டும் ஒரு வருடம் சலுகை. அன்றிலிருந்து விவரிக்கப்பட்டவை 2022-ல் 50,000-ஐத் தாண்டிவிட்டன. இதில் எதுவும் இல்லை என்று காட்டினால்தான் புதுசு. பழைய விவரிப்புகளில் பல, படமே இல்லாமல் நாலு வரி. அந்த நாலு வரிக்குரிய சிலந்தி ஏதோ ஒரு அருங்காட்சியகத்தின் ஜாடியில் கிடக்கும். கால் உதிர்ந்திருக்கும், நிறம் போயிருக்கும், ஆனாலும் அதைத்தான் கேட்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு போதுமா?"

போதும், சட்டப்படி. ஆந்திராவில் கூட்டி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு நீலச் சிலந்தியை வைத்து 1899-ல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு இனத்தை விவரித்தார். அடுத்தது கண்ணில் பட்டது 2001-ல், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள காட்டில். ரயிலில் வந்த கட்டையோடு அது கிடங்குக்கு வந்திருக்க வேண்டும். "நூறு வருஷம் எல்லாரும் தப்பான ஊர்ல தேடிட்டு இருந்தாங்க, மாமா. எனக்குப் பெண் வேணும். நாளைக்கு ஒரு தடவை பார்த்துடலாம்."

என் பெயரை வைப்பாயா என்று கேட்க நினைத்தேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்: பெண் கிடைக்கவில்லை

அதே மரம், அதே வேர். பதினோரு சல்லடை. கிடைத்தது ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி, அதுவும் குஞ்சு. கடைசித் தோலை உரிக்காத சிலந்திக்கு இனப்பெருக்க உறுப்பு முழுதாக உருவாகியிருக்காது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வேட்டியின் ஓரத்தில் விட்டாள், சருகுக்குள் போய்விட்டது.

பல்பைத் திருப்பிக் கொடுத்தோம். குஞ்சுகள் வந்துவிட்டன, பெட்டிக்குள் கீச் கீச் என்று. வாடகை மூன்று நாளுக்கு 60 ரூபாய். அவர் 50 போதும் என்றார். "ஏதாச்சும் புதுசா கிடைச்சிதா?" என்று கேட்டார். "பார்க்கணும்ணா" என்றாள். "எங்க பல்புல கிடைச்சிருந்தா சொல்லுங்க." அது பல்பில் கிடைக்கவில்லை, வேட்டியில் கிடைத்தது. ஆனால் அவள் தலையாட்டினாள்.

இறங்கும்போது நாற்பதிலிருந்து ஒன்று. எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கியிருந்தது, வாசம் போகவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு: திருவானைக்கா

காலையில் போன். "மாமா, கோவப்படக் கூடாது."

ஆய்வகத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைப்பதற்கு முன்னால், பால்ப்பை அல்ட்ராசோனிக் தண்ணீரில் ஒரு நிமிடம் அதிர்த்துக் கழுவுவார்கள். கழுவியிருக்கிறாள். வால் போய்விட்டது. உடையவில்லை, விழவில்லை, உரிந்து வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் பஞ்சு. குப்பியின் வாயில் நாங்கள் அடைத்த பஞ்சின் ஒரு இழை, அலகின் நுனியில் ஒட்டிக்கொண்டு அரை முறுக்கு முறுக்கியிருந்திருக்கிறது.

"நானும்தானே பார்த்தேன், மாமா" என்றாள். அது உண்மைதான். ஆனால் புள்ளி வைத்தவன் நான். அதன் ஆரம்பத்தில் ஒரு மூட்டுக்கூட வரைந்திருக்கிறேன், அலகோடு அது சேரும் இடத்தில். அப்படி ஒரு மூட்டை நான் பார்க்கவே இல்லை. வால் என்றால் எங்கிருந்தாவது முளைக்க வேண்டுமே என்று நானே வைத்தது. இருபது வருடப் பழக்கம்.

"அப்போ புதுசு இல்லையா?"

அதுதான் தெரியவில்லையாம். வாலை எடுத்தபின்னும் அலகின் வளைவு அவளிடம் இருக்கும் படங்கள் எதோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பக்கத்து மலையிலிருந்து பெண்ணை மட்டும் வைத்து விவரித்த பழைய இனம் ஒன்று இருக்கிறது, படம் இல்லாமல். எங்களுடையது அதன் புருஷனாகவும் இருக்கலாம். அந்த ஜாடியைப் பார்க்க வேண்டும், அல்லது நமக்கு ஒரு பெண் கிடைக்க வேண்டும். புதுசாகவே இருந்தாலும் நம்மிடம் வைத்துக்கொள்ள முடியாது. பல்லுயிர்ச் சட்டப்படி, அரசு குறிப்பிட்ட காப்பகத்தில் மாதிரியை ஒப்படைத்தாக வேண்டும்.

டிரேசிங் பேப்பரில் இந்திய மசியை ரப்பரால் அழிக்க முடியாது. பழைய சவர பிளேடை எடுத்து, படுக்கவைத்துச் சுரண்ட வேண்டும். மூன்று மணி நேரத்து வாலைச் சுரண்ட நாலு நிமிடம் ஆனது. மூட்டைச் சுரண்டும்போதுதான் கொஞ்சம் தாள் கிழிந்தது.

ஜனவரியில் மறுபடி போகிறாள். இந்த முறை என் பெயர் கடிதத்தில் முதலிலேயே இருக்கிறதாம். குப்பிக்குப் பஞ்சு வேண்டாம், ரப்பர் மூடி வாங்கிவிட்டேன் என்று போனை வைக்கும் முன் சொன்னாள். வேட்டி மட்டும் இரண்டாக எடுத்து வரச் சொன்னாள், கரை இல்லாததாக. ஆரஞ்சுக் கரையில் ஆரஞ்சுச் சிலந்தி ஓடினால் தெரியவில்லையாம்.